வெட்டிய வால் எங்கே?

வேதாரண்யத்தின் பழம்பெயர் திருமறைக்காடு. மறைகள் பூட்டிச் சென்ற கோயிற் கதவை அப்பர் பாடித் திறந்தார் என்பது ஊரார் போற்றும் கதை. கதவு திறந்ததை நாம் நம்ப வேண்டுவதில்லை. ஆனால் அதே அப்பர், கோத்திரத்தையும் குலத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று சாத்திரம் பேசுவோரைக் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு எந்த ஊரில் விழா எடுக்கிறார்கள்?

ஸ்காத்லாந்து மலைநாட்டிலும் குலங்கள் உண்டு. கடல் கடந்தும் குலச் சங்கங்கள் உண்டு. பெயர் ஒத்தால் போதும், பாட்டி ஒருத்தி அப்பெயர் தாங்கியிருந்தாலும் போதும் என்று சேர்த்துக்கொள்ளும் சங்கங்கள் பல. தலைவனின் நிலத்தை உழுத குடியானவன், பாதுகாப்பை நாடி அவன் பெயரையே சூட்டிக்கொண்டதும் அங்கே வழக்கம். குருதியன்று, குடியிருப்பு! குலத்துக்கொரு கட்டத்துணி என்பதற்குச் சான்றாக 1842இல் வெளிவந்த 'வெஸ்டியாரியம் ஸ்கோட்டிகம்', பழஞ்சுவடி என்று சொல்லி உடன்பிறந்தார் இருவர் புனைந்த போலி. நம் சாதிப் புராணங்களுக்கு அயல்நாட்டு அண்ணன்!

தஞ்சைத் தரணிக்கு வருவோம். வாண்டையார், மழவராயர், சோழகர் என நூற்றுக்கணக்கில் பட்டங்கள். 1923இல் நாவலர் ந. மு. வேங்கடசாமி நாட்டார் 'கள்ளர் சரித்திரம்' எழுதினார். அவர் புலமைக்கு நம் வணக்கம். ஆயினும், இத்தகைய நூல்களை இன்று தேடி எடுப்போர் பலர் வரலாற்றையா தேடுகின்றனர்? தமக்கொரு மன்னனை அல்லவா தேடுகின்றனர்! ஒரே பட்டம் என்றால் பங்காளி. வேறு பட்டம் என்றால் மாமன் மைத்துனன். அந்த வேலிக்கு வெளியே நிற்பவன்? தலைமுறை தலைமுறையாய்ப் பண்ணையில் உழைத்த சேரிமகன், ஸ்காத்லாந்துக் குடியானவனைப்போல் பண்ணையாரின் பட்டத்தைச் சூட்டியிருந்தால், அவன் முதுகில் தோல் மிஞ்சியிருக்குமா? பெண்ணின் நிலையோ இன்னும் விந்தை. தாலி ஏறிய அன்றே அவள் குலதெய்வமும் மாறிவிடுகிறது. அவளைக் கேட்டு மாற்றினவர் யார்?

1930இல் வேதாரண்யத்தில் உப்பு அறப்போர் நடந்தது. தலைவர்கள் பெயரில் ஆச்சாரியும் பிள்ளையும் ஒட்டி நின்றன. காவலருக்கு முகம் மழிக்க மறுத்துச் சிறை புகுந்த தொழிலாளியின் பெயர் வைரப்பன். வெறும் வைரப்பன்! வாலில்லாத அந்தப் பெயருக்கும் ஊரில் நினைவுத்தூண் நிற்கிறது.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடுக என்றது. விட்டோம், முன்னெழுத்தோடு நிறைவடைந்தோம். வெட்டிய வாலோ மணமகள் தேவை விளம்பரத்தில் ஒளிந்துகொண்டது, சங்கத்தின் வரன் பதிவேட்டில் வளர்ந்தது. மேடையில் முழங்கும் தோழர்கள் தம் வீட்டுத் திருமண அழைப்பிதழை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் பெயர்களுக்குப் பின்னே எத்தனை வால் என்று எண்ணட்டும்.