ஜெர்ரி பேர்ட்: மிதியில்லா ஸ்டீல் கிதாரின் தனிப்பாணி

ஜெர்ரி பேர்ட் (1920–2005) அமெரிக்க ஸ்டீல் கிதார் கலைஞர். ஹாங்க் வில்லியம்ஸின் பாடல் பதிவுகளில் வாசித்தவர். 1954-இல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாடலில் பட் ஐசக்ஸ் மிதியை அழுத்திச் சுரம் மாற்றியது புகழ்பெற்றது. நாஷ்வில் கலைஞர்கள் பலர் மிதிக்கருவிக்கு மாறினர். பேர்ட் மாறவில்லை, அங்கே அவருக்கான இடம் சுருங்கியது.

மிதி செய்வதை அவர் இடக்கையால் செய்தார். தந்திகளின்மேல் உலோகத்தண்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரங்களை இணைத்தார். தண்டின் மெல்லிய அசைவால் அவற்றைக் குரல்போல நீட்டினார். இம்முறையில் எல்லாச் சுரக்கூட்டுகளும் கைக்கு எட்டுவதில்லை. மிதிக்கருவியின் விரைவான சுரமாற்றங்களும் அவர் வாசிப்பில் இல்லை. ஆனால் கிடைக்கும் சில சுரங்களை முழுமையாக ஒலிக்கவைப்பதே அவர் பாணி. பின்னாளில் ஹவாயில் குடியேறி மாணவர்களுக்குக் கற்பித்தார். கருவியின் எல்லையைக் குறையாகக் கருதாமல் அதற்குள்ளேயே தன் மொழியைக் கண்டடைந்தவர் என்பதே அவருடைய முக்கியத்துவம்.