சுமை இறங்கிய பிறகு: போடியின் பின்தெருக்களும் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யும்

போடிநாயக்கனூரைப் பற்றி எழுதப்படும் பயணக் குறிப்புகளில் முக்கால்வாசி ஒரே அச்சில் வார்த்தவை. தென்னகத்துக் காஷ்மீர், ஏலக்காய் வாசம், 17 கொண்டை ஊசி வளைவு, போடிமெட்டில் ஒரு டீ, அப்புறம் மூணாறு. ஊர் என்பது வண்டிக்கு டீசல் போட்டுக்கொள்ளும் இடம், அவ்வளவுதான். பல வருஷமாகப் போய்வருகிற எனக்கும் பழக்கமான போடி பஸ் ஸ்டாண்டு, பரமசிவன் மலைக்கோயில், முந்தல் செக்போஸ்ட் என்ற முக்கோணத்துக்குள் அடங்கிவிடும்.

இந்த முறை ரயிலில் போனேன். மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதையில் மறுபடி ரயில் வந்து நின்றது 2023 ஜூனில். ரயிலில் வந்து இறங்குகிறவனுக்கு ஒரு வசதி, மலைக்கு ஏறிப்போக கையில் வண்டி இருக்காது. ரெண்டு நாள் ஊருக்குள்ளேயே நடந்தேன். திருமலாபுரம், சுப்புராஜ் நகர், குப்பிநாயக்கன்பட்டி என்று பேரை மட்டும் கேள்விப்பட்டிருந்த பக்கமெல்லாம். கிளம்புவதற்கு முன்னால் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை இன்னொரு தடவை பார்த்திருந்தேன். நடக்க நடக்க அந்தப் படத்தோடு ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் படத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மலைச்சரிவைப் பற்றித் தமிழில் வந்தவற்றில் இதைவிட நேர்மையான படம் எனக்குத் தெரியாது. 2018 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்தது. விஜய் சேதுபதி தயாரிப்பு, இளையராஜா இசை, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலையிலிருந்து இறங்குகிற ரங்கசாமிக்கு (ஆண்டனி) ஒரே ஆசை, கொஞ்சம் நிலம். கேமரா பெரும்பாலும் தூரத்திலேயே நிற்கிறது. மனுஷன் எறும்பு மாதிரி, மலை மலை மாதிரி. அழகு காட்டுவதற்காக அந்தத் தூரம் இல்லை. ஒரு ஆள் ஒரு சரிவைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பார்க்கிறவன் உடம்பில் இறக்குவதற்காக. போடிமெட்டுச் சாலையில் காரில் ஏறும்போது அரை மணி நேரத்தில் காணாமல் போகிற உயரத்தை இந்தப் படம் திருப்பிக் கொடுக்கிறது. வயசாகியும் சுமை தூக்குவதை விடாத வனகாளி கிழவன் ஒருத்தன் போதும், கூலி என்பதற்குள் பெருமையும் ரத்தமும் எப்படிச் சேர்ந்தே கிடக்கின்றன என்று புரிய.

இன்னொன்றையும் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. ரங்கசாமி மலையைச் சுமந்தாலும் நிலம் கேட்பது அடிவாரத்தில். மேலே இருக்கிற தோட்டத்தைப் பற்றி அவன் கனவில்கூட நினைப்பதில்லை. தேவிகுளம், பீர்மேடு பக்கமெல்லாம் 1956 மொழிவாரிப் பிரிவினையில் கேரளத்தோடு போனது நமக்குத் தெரியும். வேலை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். மலை மேலே ஒரு தொழிற்சங்கம், கீழே வேறொரு அரசியல். இந்த ரெண்டுங்கெட்டான் நிலையை வசனம் போட்டு விளக்காமல் கதைக்குள்ளேயே வைத்திருப்பது பெரிய விஷயம். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போகணும். இதைச் சுற்றுலாக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். இங்கே பிழைக்கிறவர்களுக்கு இது தினப்படி.

சரி, வாக்குவாதத்துக்கு வருகிறேன்.

படத்தில் ஒரு ‘முன்பு’, ஒரு ‘பின்பு’ இருக்கிறது. முன்பு, நடந்துபோகிற மனுஷர்கள், கணக்கு நோட்டு, கடன், உறவு. பின்பு, ரோடு, இயந்திரம், காற்றாலை. கடைசியில் தன்னுடையதாக இருந்த நிலத்தில் நட்ட காற்றாலைக்கே ரங்கசாமி வாட்ச்மேன் ஆகிறான். மறக்க முடியாத முடிவுதான். ஆனால் அந்த ‘முன்பு’ அவ்வளவு வெள்ளந்தியானதா? குரங்கணிப் பக்கம் இருக்கிற கொட்டகுடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1900களின் தொடக்கத்தில் கண்ணன் தேவன் மலையின் தேயிலை, குண்டளப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தது. 1902ல் ஒற்றைத் தண்டவாளம், 1908ல் அதைக் குறுகிய பாதையாக மாற்றினார்கள், 1924 வெள்ளம் மொத்தமாக அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகள் கம்பிவட ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி, பிறகு ரயிலடி, துறைமுகம், இங்கிலாந்து. அதாவது நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்தச் சரிவில் தலைக்கு மேலே லண்டன் சரக்கு கம்பியில் போயிருக்கிறது, கீழே ஆட்கள் மூட்டையோடு நடந்திருக்கிறார்கள். இயந்திரமும் உலகச் சந்தையும் நேற்று வந்த விருந்தாளிகள் இல்லை. ரங்கசாமியின் தாத்தா காலத்திலேயே வந்தாச்சு. சுமைகூலி என்பதே அந்தச் சந்தை உண்டாக்கிய வேலைதான். படம் இந்தப் பழைய கணக்கைத் திறந்திருந்தால் காற்றாலையின் நிழல் இன்னும் நீளமாக விழுந்திருக்கும்.

இதைவிட முக்கியமான குறை வேறொன்று. மூட்டை இறங்கிய பிறகு என்ன ஆகிறது? படத்தில் அது ஒரு கடை, ஒரு முதலாளி, ஒரு கணக்கு. அதோடு சரி. போடியின் பின்தெருக்களில் நடந்தால் கதையின் மீதிப் பாதி அங்கே உட்கார்ந்திருக்கிறது, சொல்லர்த்தமாகவே தரையில் உட்கார்ந்திருக்கிறது. ஏலக்காய்க் கடைகளுக்குப் பின்னால் நீள நீளமான கூடங்கள். வெளியே பெயர்ப்பலகை இருக்காது, வாசம்தான் பலகை. உள்ளே வரிசையாகப் பெண்கள், ஆளுக்கொரு சொளகு. பிளந்த காய், வெளுத்த காய், பேன் விழுந்து சொறி தட்டிய காய் எல்லாம் விரல் நுனியில் தனித்தனியாகப் பிரிகின்றன. காம்பு ஒட்டியிருந்தால் கிள்ளணும். சல்லடையில் அளவு பார்க்கணும், எட்டு எம்எம், ஏழு எம்எம் என்று. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் விலை மாறும். தோட்டத்திலிருந்து வரும் அஞ்சு கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். அந்த ஒரு கிலோவுக்கு ‘தரம்’ என்ற பெயர் கிடைப்பது இந்தக் கைகளில்.

ஒரு கூடத்தில் பேச இடம் கொடுத்தார்கள். வயசான ஒரு அக்காவிடம் ஏல விலையைப் பற்றிக் கேட்டேன். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது ஞாபகமிருக்கா என்று. கையை நிறுத்தாமலே சொன்னார்: “வெல ஏறுனா மொதலாளிக்குத் தூக்கம் வராது. எறங்குனாலும் வராது. நமக்கு ரெண்டுலயும் அதே கூலிதான் தம்பி, நல்லாத் தூங்கலாம்.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் சேர்ந்துகொள்ளவில்லை.

‘எல்லாத்தையும் ஒரே படத்துல சொல்ல முடியுமா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியாது, நானும் கேட்கவில்லை. என் கேள்வி படத்தின் பார்வை பற்றியது. தூரத்துக் கேமரா மலையைக் காட்ட எவ்வளவு பொருத்தமோ, கூடத்துக்குள் நுழைய அவ்வளவு பொருந்தாது. எறும்பாகத் தெரிய ஒரு வெளி வேண்டும். சொளகுக்கு முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு வெளியே கிடையாது, முதுகும் விரலும்தான். இந்த உழைப்புக்கு மலைப்பின்னணி இல்லை, மேகம் இல்லை, அதனால் அது காவியமாகவும் ஆவதில்லை. ஈஸ்வரியை (காயத்ரி கிருஷ்ணா) நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் நிலக்கனவு ரங்கசாமியுடையது, இழப்பும் அவனுடையதாகவே பதிவாகிறது.

விடியற்காலையில் ஜீப்புகளைப் பார்த்தாலும் இதே எண்ணம்தான் வரும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறுகிறார்கள். பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்கு. அஞ்சாறு பேர் போக வேண்டிய வண்டியில் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். மலைப்பாதையில் தோட்ட ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி இந்தப் பக்கத்துப் பத்திரிகைகளில் புதுசு இல்லை. நடந்து இறங்கிய ரங்கசாமியின் சரிவு இன்றைக்குப் பெரும்பாலும் இந்த ஜீப்பின் சரிவு. மெதுவான அந்த நடைக்குத் தமிழில் ஒரு படம் வந்துவிட்டது. இந்த வேகத்துக்கு இன்னும் வரவில்லை.

படத்தில் ஒரு காட்சி. ரங்கசாமி நிலத்துக்காகப் பாடுபட்டுச் சேர்த்த ஏலக்காய், மூட்டை உருண்டு பள்ளத்தில் சிதறும். தியேட்டரில் பக்கத்து ஸீட்டுக்காரர் ‘ச்சே’ என்றது இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கூடத்திலிருந்து கிளம்பும்போது காட்சியை அப்படியே அந்த அக்காவிடம் விவரித்தேன். அவர் படம் பார்த்ததில்லை. முதன்முறையாகக் கை நின்றது.

“எந்தப் பக்கம் சரிவு? தோட்டத்துல அன்னைக்கு ஆளுக இருந்தாகளா? பெறக்கியிருக்கலாமே. நாலு பொம்பளைக எறங்குனா ஒரு பொழுதுல பாதியாச்சும் தேறியிருக்குமே” என்றார்.