கல்லில் இருக்கும் தங்கமும் கைக்கு வரும் தங்கமும்

தினம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் என் தம்பி மகள் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். கருஊதாப் பொடி; அமேசான் காட்டு ‘அசாயி’ பனைப் பழமாம். “இதோட சத்தை உடம்பு இழுத்துக்குதுன்னு ஆராய்ச்சியே இருக்கு பெரியப்பா!” பொட்டலத்தின் பின்னால், ஆன்டிஆக்சிடன்ட் திறனைச் சொல்லும் ‘ஓராக்’ என்று ஒரு பெரிய எண்.

கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸ்காரனான எனக்கு அந்த எண் போதாது. பாறையில் எவ்வளவு தங்கம் என்பது ஒரு கணக்கு. அரைத்து, சயனைடில் கரைத்த பிறகு கைக்கு வந்தது எவ்வளவு என்பது வேறு கணக்கு. ஓராக் முதல் கணக்கு மட்டுமே, சோதனைக் குழாயோடு சரி. அமெரிக்க வேளாண் துறையே தன் ஓராக் பட்டியலை 2012-இல் விலக்கிக்கொண்டது.

ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். 2008-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழு 12 பேருக்கு அசாயிக் கூழும் சாறும் கொடுத்துப் பார்த்தது. ஆந்தோசயனின் என்ற ஊதா நிறமி சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சம் தொட்டது. அந்த உச்சமே லிட்டருக்கு ஓரிரண்டு மைக்ரோகிராம். ரத்தத்தின் ஆன்டிஆக்சிடன்ட் திறன் ஏறியது. பழச் சர்க்கரை யூரிக் அமிலத்தைக் கூட்டியும் அப்படி ஏறலாம் என்று ஆப்பிள் ஆய்வொன்று காட்டியிருந்தது. இங்கே யூரிக் அமிலம் மாறவில்லை, ஆகவே அந்தச் சந்தேகம் செல்லாது. ஆனால் ஆன்டிஆக்சிடன்ட் அடக்க வேண்டிய, உடலில் உருவாகும் வினைமிகு ஆக்சிஜனின் அளவும் குறிப்பிடும்படி மாறவில்லையே!

அதற்காக நிறமி வீண் என்று தள்ளவும் முடியாது. 2013-இல் 8 ஆண்களுக்கு, கார்பனில் அடையாளமிட்ட, ஆந்தோசயனின் வகையான சயனிடின் நிறமி 500 மில்லிகிராம் கொடுத்தார்கள். சுமார் 12 சதவீதம் சிறுநீரிலும் மூச்சிலும் திரும்பி வந்தது, பெரும்பாலும் உடைந்த துண்டுகளாக. (சயனிடினுக்கும் எங்கள் தங்கவயலின் சயனைடு கழிவு மேட்டுக்கும் உறவு பெயரில் மட்டுமே: நீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.)

அசாயியும் பனை என்றால் நம் பனம்பழம் எப்படி? அதன் செம்மஞ்சள் வேறு ஜாதி, கரோட்டினாய்டு. கொழுப்பு கூட இருந்தால்தான் அதைக் குடல் நன்றாக உறிஞ்சும். சுட்டு நார் நாராகச் சப்பும்போது அந்தக் கொழுப்பு இல்லை. யாழ்ப்பாணத்துப் பனங்காய்ப் பணியாரம் எண்ணெயில் பொரிவதால் இந்த ஒரு விஷயத்தில் முந்துகிறது. சர்க்கரையும் மாவும் சேர்வது தனிக் கணக்கு.

என் தீர்ப்பு: உடம்பு இழுத்துக்கொள்கிறது என்பது நிற்கும். அதனால் நோய் விலகும் என்பதற்கு 12 பேர், ஒரு வேளைக் கூழ் என்பது சாட்சி ஆகாது. ஊதா நிறமிதான் வேண்டுமென்றால் நாவல்பழத்தில் அது தாராளம். அடுத்த பொட்டலத்துக்கு நான் காசு தரமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.