பெஞ்சுக்கடியில் ஒரு லாப்ரடார்

உலகத்திலேயே அழகான காட்சி எது என்று என்னைக் கேளுங்கள். நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கும் வேதியியல் வகுப்பில், என் காலடியில், ஒரு கறுப்பு லாப்ரடார் குட்டி ஒன்றுமே செய்யாமல் படுத்துக்கிடப்பதுதான் என்பேன். ஒன்றுமே செய்யாமல்! பக்கத்துப் பெண் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறாள், பின்வரிசையில் யாரோ தண்ணீர்ப் பாட்டிலைத் தடாலென்று கீழே போடுகிறான். என் குட்டி மேபல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறாள். அந்த ஒரு கண் பார்வைக்காகத்தான் மாதக்கணக்கில் பாடுபட்டிருக்கிறேன்.

நான் படிக்கிற ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் நாய்க்குட்டி வளர்ப்பு மன்றம் இருக்கிறது. குட்டிகள் நியூ ஜெர்சி மாரிஸ்டவுனில் உள்ள 'தி சீயிங் ஐ' நிறுவனத்துடையவை. 1929இல் தொடங்கிய வழிகாட்டி நாய்ப் பள்ளி அது. நாஷ்வில் நகரத்துப் பார்வையற்ற இளைஞர் மாரிஸ் ஃபிராங்க், வழிகாட்டி நாய்கள் பற்றி 1927இல் வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையை அப்பா படித்துக்காட்டக் கேட்டு, அதை எழுதிய டாரதி யூஸ்டிஸுக்குக் கடிதம் போட்டு, அவர் இருந்த சுவிட்சர்லாந்துக்கே போய், பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு திரும்பி வந்தார். 1928இல் நியூயார்க்கின் படுபயங்கரமான சாலை ஒன்றை, நிருபர்கள் வாயைப் பிளந்து பார்க்க, இருவரும் கடந்தார்கள். அந்தப் பள்ளி பிறந்த கதை இது, எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும்.

குட்டி நம் கைக்கு வரும்போது ஏழெட்டு வாரம்தான் ஆகியிருக்கும். ஒரே ஈற்றில் பிறந்த எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர் வைப்பார்கள். என் குட்டிக்கு 'எம்' வந்தது. வயிறு மட்டும் தனியாக உருண்டு வருகிற மாதிரி ஒரு நடை. அந்த நடையைப் பார்த்த அன்றே என் செமஸ்டர் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் போகவில்லை! ராத்திரி ஒரு தடவை, விடியற்காலை ஒரு தடவை அவளை வெளியே கூட்டிப்போக எழுந்த பழக்கத்தில், பல்கலைக்கழகத்தில் காலை எட்டு மணி வகுப்புக்கு முழு விழிப்போடு வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டியபோது, "ஏண்டி, நாயை வீட்டுக்குள்ளயா வெச்சிருக்க?" என்றாள். அடுத்த வாரமே, "அது சாப்பிட்டுச்சா?" என்பது முதல் கேள்வியாகவும், "நீ சாப்டியா?" என்பது இரண்டாவதாகவும் மாறிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தப்பாகவே நினைக்கிறார்கள். வழிகாட்டுவதை நாங்கள் கற்றுக்கொடுப்பதில்லை. கெட்டிக் கைப்பிடி வைத்த அந்த ஹார்னெஸ் எங்கள் கைக்கே வராது. அதெல்லாம் பின்னால் மாரிஸ்டவுனில் பயிற்சியாளர்கள் ஏறக்குறைய நான்கு மாதம் சொல்லிக்கொடுப்பது. கார் வரும்போது 'ஃபார்வர்ட்' என்று ஆணை வந்தாலும் நகர மறுக்கிற அந்த அற்புதமான கீழ்ப்படியாமை உட்பட. சிக்னலில் பச்சை விழுந்ததை நாய் பார்த்துச் சொல்லும் என்றுகூடச் சிலர் நம்புகிறார்கள். சொல்லாது. வண்டிகளின் ஓசையைக் கேட்டு எப்போது கடப்பது என்று தீர்மானிக்கிறவர் மனிதர். அந்தத் தீர்மானம் தப்பானால் தடுக்கிறது நாய். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை அது.

எங்கள் வேலை அதற்கு முந்தியது. உட்கார், படு, அப்படியே இரு, கூப்பிட்டால் வா. அப்புறம், உலகத்தில் எதைப் பார்த்தும் பதறாதே. நடையில் மட்டும் ஒரு விசேஷம். ஊரில் உள்ள பயிற்சி வகுப்பெல்லாம் நாய் இழுக்கக் கூடாது என்று சொல்லித்தரும். எங்களுக்கோ, அது இடப்பக்கம், ஓரடி முன்னால், லீஷைக் கொஞ்சம் விறைப்பாக வைத்துக்கொண்டு போனால்தான் சந்தோஷம். நாளைக்கு ஒருவர் அந்த விறைப்பை வைத்துத்தானே வழியை உணரப்போகிறார்!

இதற்குப் பல்கலைக்கழகத்தைவிடத் தோதான இடம் உண்டா? ரட்கர்ஸ் நாலு துண்டாகக் கிடக்கிற வளாகம். வகுப்புக்கு வகுப்பு பஸ் பிடிக்க வேண்டும். பிதுங்கி வழிகிற பஸ்ஸில், முதுகுப்பைகளுக்கும் ஷூக்களுக்கும் நடுவே, வாலைச் சுருட்டிக்கொண்டு உட்காரப் பழகிய குட்டிக்கு வேறெந்தக் கூட்டம் பெரிசு? லிஃப்ட் கதவு, இரும்புக் கிராதி போட்ட நடைபாதை, நடுராத்திரித் தீயணைப்பு மணி, தலைக்கு மேல் தடதடத்துக்கொண்டு போகும் ரயில், சாப்பாட்டுக்கூடத் தரையில் சிந்திக்கிடக்கும் உருளைக்கிழங்கு வறுவல்! பணம் கொடுத்து ஏற்பாடு செய்தாலும் இப்படி ஒரு பாடத்திட்டம் அமையாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பாடம் அணில். வளாகம் முழுக்க அணில், அதுவும் நம்மூர் அணில் மாதிரி ஒதுங்கி ஓடாமல், நேருக்கு நேர் வந்து நின்று வம்புக்கிழுக்கிற கொழுத்த சாம்பல் அணில்.

ஒருநாள் துணிந்து எடிசனின் ஓக் ட்ரீ ரோடுக்கே கூட்டிப்போனேன். நகைக்கடை, புடவைக்கடை, சாட் கடை வாசலில் புளிச்சட்னி வாசனை. நம் ஆட்களுக்கு நாய் என்றால் தெரியுமே, எதிரே வந்த குடும்பங்கள் அப்படியே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன. ஒரு அம்மா மட்டும் தூண் ஓரம் நின்றுகொண்டு, "கடிக்குமாம்மா?" என்றார்.

"கடிக்காது ஆன்ட்டி. கண்ணு தெரியாதவங்களுக்கு வழி காட்டப் போறா. இப்ப படிச்சிட்டிருக்கா."

"அட, நாயும் படிக்குதா!" என்று தம் பையனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பையன் போனை ஜேபிக்குள் வைத்துவிட்டான். மேபல் அந்த நேரம் பார்த்து, யாரும் சொல்லாமலே, லட்சணமாக உட்கார்ந்தாள். பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

"திருப்பிக் கொடுக்கிறப்ப அழுகை வராதா?" என்று கேட்காத ஆள் இல்லை. வரும், பயங்கரமாக வரும். வேனில் ஏற்றிவிட்டு வந்து, காலியான கூண்டுப் படுக்கையைப் பார்த்துக்கொண்டு, ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நாங்கள் நாலு பேரும் பீட்சா தின்றபடி அழுதோம். அதனால் என்ன? பரீட்சைக்கும்தான் அழுகிறோம்.

அப்புறம் வந்தது அந்த நாள். பயிற்சி முடியும் கட்டத்தில், வளர்த்தவர்கள் மாரிஸ்டவுனுக்குப் போய்த் தம் குட்டி வேலை செய்வதைப் பார்க்கலாம். மோப்பம் பிடித்துவிடாதபடி தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். ஹார்னெஸ் மாட்டிய மேபல்! நடைபாதையில் குறுக்கே வைத்திருந்த கடை விளம்பரப் பலகையைச் சுற்றி, பயிற்சியாளரின் தோளும் இடிக்காத அளவுக்கு இடம் விட்டு வளைந்தாள். நடைபாதை விளிம்பில் டக்கென்று நின்றாள். ஒரு அணில் குறுக்கே ஓடியது. பயிற்சியாளர் கவனித்தாரோ இல்லையோ, நான் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் காதுகூட அசையவில்லை. "என் பொண்ணுடா!" என்று தமிழில் கத்திவிட்டேன், நல்லவேளை ஒரு லாரி போனது.

இப்போது அவள் வேலையில் இருக்கிறாள். பார்வையற்றவர்களிடம் முதல் நாய்க்கு 'தி சீயிங் ஐ' வாங்குகிற கட்டணம் வெறும் 150 டாலர், 1930களிலிருந்து ஏறவே இல்லை. இந்த ஒரு செய்திக்காகவே அந்த நிறுவனத்தை நான் கும்பிடுவேன்.

ரட்கர்ஸ் பக்கம் படிக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், முழுக் குட்டியைத் தலையில் போட்டுக்கொள்ளும் முன்னால், பயிற்சி எடுத்து வார இறுதிகளில் மற்றவர் குட்டியைப் பார்த்துக்கொள்ளும் சிட்டராகச் சேருங்கள். வைத்தியச் செலவு நிறுவனத்துடையது. தூக்கம் மட்டும்தான் நம்முடையது. நான் அடுத்ததற்கு எழுதிப் போட்டாயிற்று. இந்த முறை ஜெர்மன் ஷெப்பர்டாம். முடி மூட்டை மூட்டையாகக் கொட்டும் என்கிறார்கள். வேக்வம் கிளீனருக்கு வீட்டில் நாலு பேரும் பங்கு போட்டுவிட்டோம்.