வாளி யார் கையில்?

கோவையில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா. என் மகளுக்கு டோரதி வேடம். எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய அமெரிக்கச் சிறுவர் நாவலான ‘ஓஸ் நாட்டு மந்திரவாதி’யை அரை மணி நேர நாடகமாக்கியிருந்தார்கள். நாவலில், தன் செருப்பைப் பிடுங்கிக்கொண்ட சூனியக்காரியின் மேல் டோரதி கோபத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுகிறாள். சூனியக்காரி கரைந்துபோகிறாள். பள்ளி மேடையிலோ மந்திரவாதி கோலை நீட்டினார், சூனியக்காரி விழுந்தாள், டோரதி கைகூப்பி நின்றாள். நாய்க்குட்டி டோட்டோவும் இல்லை. கைதட்டல் எல்லாம் வைக்கோல் பொம்மையாகவும் தகர மனிதனாகவும் வந்த இரண்டு பையன்களுக்கு.

“தண்ணி ஊத்துனா மேடை ஈரமாயிருமுங்க, அதான் எடுத்துட்டோம்” என்றார் ஆசிரியை. வீடு திரும்பும்போது மகள் கேட்டாள்: “ஏம்மா, அந்த நாடகத்துல நான் என்னதான் பண்ணுனேன்?”

நாடக விமர்சனத்தில் இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. கதை மேடையேறும்போது செயல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது?

ஆசிரியையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவிலேயே இது நடந்திருக்கிறது. 1902 ஜூனில் சிகாகோவில் அரங்கேறி, அடுத்த ஆண்டு நியூயார்க் போன இசை நாடகத்தில் மேற்குத் திசைச் சூனியக்காரி மேடைக்கே வரவில்லை. அவள் இல்லாதபோது வாளிக்கு ஏது வேலை? டோட்டோவுக்குப் பதிலாக ஒரு பசுமாடு, அதன் வேடத்துக்குள் ஒரு நடிகர். வைக்கோல் பொம்மையாக நடித்த ஃபிரெட் ஸ்டோனும் தகர மனிதனாக நடித்த டேவிட் மான்ட்கோமரியும் நாடகத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். 1904இல் வந்த இரண்டாவது ஓஸ் நாவலை பாம் அந்த இருவருக்கே காணிக்கையாக்கினார்.

இத்தனைக்கும் பாமின் மாமியார் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ், பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர். சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைக் கொன்ற வரலாற்றையும் 1893இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியவர். ஓஸ் நாட்டில் நல்ல சூனியக்காரிகளும் இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பின்னால் வந்தவர்கள் சிலவற்றைத் திருப்பித் தந்தார்கள். கறுப்பின நடிகர்கள் மட்டுமே நடித்து 1975இல் பிராட்வேக்கு வந்த ‘தி விஸ்’ நாடகத்தில் டோரதி நடுமேடையில் நிற்கிறாள், சூனியக்காரியை அவளே கரைக்கிறாள். 2003இல் வந்த ‘விக்கெட்’, சூனியக்காரிக்கு எல்ஃபபா என்ற பெயரோடு ஒரு வாழ்க்கையையும் நியாயத்தையும் கொடுத்தது. எனக்குப் பிடித்த நாடகம்தான், ஆனால் ஒரு குறை உண்டு. அதில் டோரதி வெறும் நிழல். தண்ணீரில் கரைவதும் எல்ஃபபா போடும் நாடகமே. ஒருத்திக்குக் குரல் கொடுக்க, இன்னொருத்தியின் செயல் ஒன்றுமில்லாமல் போகிறது.

இதை யோசிக்கும்போதெல்லாம் காங்கேயம் பக்கத்தில் அமுச்சி மடியில் படுத்துக் கேட்ட அண்ணன்மார் கதை ஞாபகம் வருகிறது. அதிலும் இரண்டு ஆண்கள், பொன்னரும் சங்கரும். அதிலும் ஒரு சின்னப் பெட்டை நாய், பொன்னாச்சி. நான் கேட்ட கதையில், கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வேட்டையாட எல்லா நாய்களையும் கூட்டிக்கொண்டு இவளை மட்டும் விட்டுப்போவார்கள். அவள் கோபித்துக்கொள்வாள். கடைசியில் அவள் வந்து கடித்த பிறகுதான் பன்றி விழும். உடுக்கையடிப்பவர் அந்த இடத்தை அவசரமில்லாமல் பாடுவார். அமுச்சி நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

படுகளத்தில் இறந்து கிடக்கும் அண்ணன்களை எழுப்புகிறவளும் தங்கைதான். ‘அண்ணன்மார்’ என்ற சொல்லே அவள் வாயிலிருந்து வரும் உறவுமுறை. அவள் இல்லாவிட்டால் அவர்கள் யாருக்கு அண்ணன்கள்? 2011இல் வந்த திரைப்படத்துக்கு ‘பொன்னர் சங்கர்’ என்று பெயர். அந்தத் தலைப்பில் தங்கை இல்லை.

அண்ணன்மார் கதையைப் பெண்விடுதலைக் கதை என்று நான் சொல்லமாட்டேன். நான் கேட்டபோதெல்லாம் பாடியது ஆண்களே. தங்காள் என்று ஊர் அவளை அழைப்பதும் உறவை வைத்துத்தான். ஆனாலும் நேரமில்லை என்றோ களம் ஈரமாகும் என்றோ சொல்லி பொன்னாச்சியையும் தங்காளையும் யாரும் வெட்டியதில்லை. வெட்டினால் பன்றியும் விழாது, அண்ணன்களும் எழமாட்டார்கள் என்பது பாடியவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

மேடை நனையக் கூடாதென்றால் வாளி நிறைய நீலத் துணிக் கிழிசல் போதும், அது டோரதி கையில் இருந்தால் சரி என்று மகளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

“டோட்டோவும் வேணும்மா” என்றாள்.