வாத்தியார் கை வைக்காத மரம்

தச்சு வேலையில் ரசனை உள்ளவர்கள் பெரும்பாலும் முடிந்த சாமானைத்தான் பார்ப்போம். கதவின் பொருத்து எப்படி, நாற்காலியின் சாய்வு முதுகுக்கு இதமா, மேஜை இழுப்பறை விரல் பட்டதும் நகர்கிறதா. அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் வரிசையையே ஒரு கலைப்படைப்பாக ரசிக்க முடியும் என்பது, சுவீடனின் நேஸ் பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓட்டோ சாலமன் வகுத்த மாதிரிப் பொருள்களின் பட்டியலைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

முதல் பொருள் ஒரு குச்சி. சின்னக் குழந்தைகளின் வகுப்பில் படத்தையும் எழுத்தையும் தொட்டுக் காட்டும் குச்சி. அதைச் செய்ய ரம்பம் வேண்டாம், இழைப்புளி வேண்டாம், ஒரு கத்தி போதும். கிராமத்துச் சுவீடனில் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கப்பட்ட கருவி அது என்பதால் சாலமன் அதிலிருந்து தொடங்கினார். வயது பத்துப் பதினொன்று இருக்கும். கையில் ஒரு துண்டு மரம்.

அந்தக் குச்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். உருண்டைக் குச்சி வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே உருட்டிச் சீவினால் கோணல்மாணலாகத்தான் வரும். முதலில் ஒரு முகத்தை நேராகச் சீவ வேண்டும். கண்ணுக்கு நேரே நீட்டி, வெளிச்சத்தில் அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த முகம் அதற்குச் செங்குத்தாக. பிறகு மற்ற இரண்டும். சதுரம் வந்தபின் நான்கு மூலைகளையும் சீவினால் எட்டுப் பட்டை, அந்த விளிம்புகளையும் சீவினால் பதினாறு, அப்புறம் உருண்டை தானாக வந்து நிற்கும். நடுவில் எங்கோ கத்தி மரத்துக்குள் இறங்கி ஒரு சிம்பைப் பிய்த்துவிடும். பையன் குச்சியைத் திருப்பிப் பிடித்து மறுமுனையிலிருந்து சீவிப் பார்ப்பான். கத்தி வழுக்கிக்கொண்டு போகும், சீவல் சுருண்டு விழும். மரத்துக்கு ஓட்டம் உண்டு, அதை எதிர்த்தால் பிய்யும், கூடப் போனால் வழவழக்கும் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. யாரும் விரிவுரை ஆற்றவில்லை. கெட்டுப்போனால் நஷ்டம் ஒரு விறகுச் சுள்ளிதான்.

இந்தக் குச்சிக்குப் பின் இன்னும் சில கத்தி வேலைகள், பிறகு ரம்பம், இழைப்புளி, உளி என்று ஒவ்வொரு சாமானிலும் ஏதாவது புதிது. கத்தியால் நீளவாக்கில் வெட்டுவது, குறுக்கே வெட்டுவது என்று தொடங்கி வேலைகளை 88 பயிற்சிகளாகப் பிரித்து எண்ணிட்டிருந்தார் சாலமன். ஆனால் பிள்ளைக்கு இந்த எண்கள் தெரிய வேண்டியதில்லை. அவனுக்குத் தெரிவதெல்லாம் குச்சி, கரண்டி, சுத்தியல் காம்பு. வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா புழங்கக்கூடிய சாமான்கள். ஆடம்பரப் பொருளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்பதில் சாலமன் பிடிவாதமாக இருந்தார்.

அதே காலத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு முறையும் பேர் பெற்றிருந்தது. மாஸ்கோவின் பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் தெல்லா-வோஸ் 1868இல் அமைத்தது. அங்கே சாமான் செய்வது கடைசியில்தான். முதலில் பொருத்துகள்: பாதி வெட்டு, கழுந்தும் துளையும், புறாவால் பொருத்து என்று எளியதிலிருந்து கடினம்வரை, ஒன்றன்பின் ஒன்றாக, துண்டு மரத்தில். 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் இந்தப் பொருத்துகள் காட்சிக்கு வந்தபோது அமெரிக்கக் கல்வியாளர்கள் அசந்துபோனார்கள். கால்வின் உட்வர்ட் செயின்ட் லூயிஸில் 1879இல் நிறுவிய கைத்தொழில் பயிற்சிப் பள்ளி இந்த வழியில் நடந்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் தச்சுப் பட்டறைகளுக்கு அதை ஒரு தாய்வீடு எனலாம். தெல்லா-வோஸ் வழியை நான் குறைத்துப் பேச மாட்டேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை சாதகம் செய்யாமல் கை சுத்தப்படாது என்பது சங்கீதம் படித்த எவருக்கும் தெரியும். ஒரே நேரத்தில் முப்பது பேரை நிறுத்திச் சொல்லிக்கொடுக்கவும் இதுதான் தோது. குறை என்னவென்றால், மாதக்கணக்கில் சாதகம் செய்தும் ஒரு கீதம்கூடப் பாடாத பிள்ளைகளாக அந்த வழியில் பயின்றவர்கள் இருந்தார்கள். அறுத்துச் செதுக்கிப் பொருத்திய துண்டுகளை மதிப்பெண் போட்டபின் என்ன செய்வது?

சாலமனின் பட்டியலில் என்னை மிகவும் கவர்ந்தது கோடாரிக் காம்பு. பார்த்தால் சாதாரணம். அதில் ஒரு நேர்க்கோடுகூடக் கிடையாது. குறுக்கு வெட்டு முட்டை வடிவம். நீளவாக்கில் லேசான நெளிவு. கடைக்கோடியில் கை நழுவாதபடி ஒரு புடைப்பு. மரத்தின் ஓட்டம் காம்பின் நீளத்தோடு ஓட வேண்டும், குறுக்கே போனால் ஓங்கி வெட்டும்போது முறியும். மூலைமட்டமும் அடிக்கோலும் இங்கே உதவாது. கோடாரியால் கரட்டு வடிவத்தைக் கொத்தி எடுத்து, கத்தியாலும் இரண்டு பக்கமும் பிடியுள்ள சின்னச் சீவுளியாலும் இறக்கிக்கொண்டே வர வேண்டும். எங்கே நிறுத்துவது? கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினால் மேடு எது பள்ளம் எது என்று தெரியும். பெட்டி கோணலாக இருந்தால் மட்டம் வைத்து நிரூபிக்கலாம். காம்பு சரியில்லை என்பதைப் பையன் தன் கையால் தானே ஒப்புக்கொண்டாக வேண்டும். வளைந்த உருவங்களைச் சாலமன் வேண்டுமென்றே வரிசையில் புகுத்தினார், வடிவ உணர்வு அவற்றால்தான் வளரும் என்று. அந்த ஒரு முடிவுக்காகவே அவரைப் பெரிய ரசிகர் என்பேன்.

அவருடைய மற்றொரு விதி, ஆசிரியர் பிள்ளையின் வேலையில் கை வைக்கக் கூடாது. செய்து காட்ட வேண்டுமா, வேறொரு மரத்துண்டில் காட்டட்டும். கேட்க எளிது. தொழில் தெரிந்தவன் ஒருவனை, உளியைத் தப்பான சாய்வில் பிடித்திருக்கும் சிறுவனுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கச் சொல்லிப் பாருங்கள். கை பரபரக்கும். 'கொடுடா இங்கே' என்று வாங்கி இரண்டு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்துவிடும், பிள்ளைக்கு அது இனித் தன் சாமான் அல்ல. இதனால்தானோ என்னவோ, தச்சரை ஆசிரியராக்குவதைவிட ஆசிரியருக்குத் தச்சு கற்பிப்பதே மேல் என்றார் சாலமன். இதில் எனக்குப் பாதி சம்மதம்தான். குச்சிக்கும் கரண்டிக்கும் அது சரி. பதினாறு வயதுப் பையன் கூரைச் சட்டம் அறுக்க வரும்போது, கூரையில் ஏறிப் பழகாதவர் சொல்லிக்கொடுத்தால் காது கேட்கும், கை கேட்காது.

இடது கையாலும் இழைக்கப் பழக வேண்டும், உடம்பு ஒரு பக்கமாக வளையக் கூடாது என்றும் அவர் வற்புறுத்தினார். பட்டறையைத் தேகப்பயிற்சிக் கூடமாகவும் பார்த்த ஆர்வம் அது. இந்த ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம்.

நேஸ் பள்ளி தொடங்கியதே தொழில் கற்பிக்கத்தான். கோத்தன்பர்க் வணிகர் ஆகஸ்ட் ஆப்ரஹாம்சன் 1868இல் வாங்கிய பண்ணையில், அவருடைய சகோதரி மகன் சாலமனின் பொறுப்பில், 1872இல் சிறுவர் பள்ளி எழுந்தது. பின்லாந்தில் 1866லேயே கைவேலையைப் பள்ளிப் பாடமாக்க வழிசெய்த உனோ சிக்னேயஸை 1877இல் சந்தித்தபின் சாலமனின் நோக்கம் மாறியது. தச்சரை உருவாக்குவதைவிடத் தச்சு வழியே பிள்ளையை உருவாக்குவது முக்கியமானது. ஆசிரியர்களுக்கான வகுப்புகளுக்குப் பல தேசத்தவர் வந்தார்கள், பெண்கள் நிறையவே. அங்கே பயின்ற குஸ்தாஃப் லார்சன் 1888இல் பாஸ்டன் போய், பாலின் அகாசி ஷாவின் ஆதரவில் இந்த முறையைப் பரப்பினார். அந்த முயற்சிக்கு இடம் கொடுத்த நார்த் பென்னட் தெருப் பள்ளி இன்றும் மரவேலை கற்பிக்கிறது.

சுவீடனில் கைவேலை இன்றும் கட்டாயப் பாடம். ஒன்பது ஆண்டுப் பள்ளிப்படிப்பில் அதற்கு 330 மணி நேரம். அதன்பின் உயர்நிலைப் பள்ளியில் மூன்றாண்டுக் கட்டுமானத் தொழிற்பிரிவைத் தேர்ந்தெடுப்பவர்கள் கத்தியும் ரம்பமும் பிடித்துப் பழகியே வருகிறார்கள். குறைந்தது 15 வாரம் வெளியே வேலைத்தளத்தில் இருந்தாக வேண்டும். பள்ளி வளாகத்தில் அவர்கள் கட்டிப் பழகும் சாமான்களில் ஒன்று தோட்டத்துச் சிறுகுடில். 1979இல் வீட்டுவசதி அமைச்சராக இருந்த பிர்கிட் ஃப்ரிகேபோ, கட்டட அனுமதி இல்லாமல் 10 சதுர மீட்டர் குடில் கட்டிக்கொள்ளலாம் என்று வழிசெய்தார். குடிலுக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. 2008இல் அளவு 15 சதுர மீட்டரானது.

கற்பிக்க இதைவிட நல்ல சாமான் கிடைப்பது கடினம். அடித்தளம், சுவர்ச் சட்டம், கூரைச் சாய்வு, சன்னல், கதவு என்று ஒரு வீட்டின் எல்லாச் சங்கடங்களும் சிறிய அளவில் இருக்கின்றன. சாலமனின் ஒரு விதி இதில் உடைகிறது: ஒரு சாமானை ஒரே பிள்ளைதான் தொடக்கம் முதல் முடிவுவரை செய்ய வேண்டும் என்பது அவர் கட்டளை, குடிலையோ நாலைந்து பேர் சேர்ந்துதான் எழுப்ப முடியும். உடைந்தது நல்லதற்கே என்று நினைக்கிறேன். ஒருவன் வெட்டிய சாய்வு தப்பினால் எதிரே நிற்பவனின் சட்டம் உட்காராது; அவன் சும்மா இருப்பானா? கை வைக்காத ஆசிரியருக்கு அப்போது பேச வேண்டிய அவசியமே இராது. சுழல் ரம்பத்தின் அருகில் மட்டும் அவர் தயங்காமல் குறுக்கே வந்தாக வேண்டும். அங்கே எந்தக் கல்விக் கொள்கையும் செல்லாது.