வட்டைக்கு வராத விவசாய விஞ்ஞானம்

உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைக்கு மருத்துவ பீடத்தின் வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால், எங்கள் திருக்கோவில் ஊர் வீடுகளில் அடுத்த பேச்சு விவசாய பீடம்தான். இப்படி இரண்டாம் தெரிவாய் எடுக்கும் படிப்பின் பெறுமதியை 2021ஆம் ஆண்டு நாட்டுக்கே உணர்த்தியது.

அந்த மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை இலங்கை அரசு தடை செய்தது. சேதனப் பசளை போதும் என்றார்கள். 50 கிலோ யூரியா மூடையில் 46 வீதம், அதாவது 23 கிலோ நைதரசன். கூட்டெருவில் அது ஒரு வீதம் என்று வைத்தால், அதே அளவுக்கு 2,300 கிலோ வேண்டும். அவ்வளவு சாணமும் குழையும் எங்கே? வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, ஏற்றிப்பறிக்கக் கூலி எங்கே? கொட்டினாலும், நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகே பயிருக்குக் கிடைக்கும். மட்டம் வெடிக்கும் பருவம் அதுவரை காத்திராது. பேராதனை விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தும் எவரும் செவிகொடுக்கவில்லை. நவம்பரில் தடை நீங்கும்போது பெரும்போகம் தொடங்கியிருந்தது.

அதற்காக மூடை மூடையாய் யூரியா எறிவதும் சரியல்ல. நைதரசன் மிஞ்சிய வயலைத்தான் அறக்கொட்டியான் பூச்சி தேடி வரும். இலை நிற அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நன்கு விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை, வெயில் படாமல் நம் உடல் நிழலில் பிடித்து, அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். குறித்த நிறத்தைவிட வெளிறியிருந்தால்தான் யூரியா. நிலைபேறான விவசாயம் என்பது இந்த அளவறிவுதான். இதைப் பழக்கித் தருவதே படிப்பின் பெரும்பலம்.

குறை பட்டத்துக்குப் பிறகு வருகிறது. பலர் அரச நியமனத்துக்காகக் காத்திருக்கிறார்கள். சிலர் கிருமிநாசினிக் கம்பனிகளில் விற்பனைக்குப் போகிறார்கள். நஞ்சைக் குறைக்கப் படித்தவருக்கு நஞ்சு விற்கும் இலக்கு கொடுக்கப்படுகிறது. எனக்கு இது மிகவும் வேதனை தருகிறது. ஆய்விலும் ஒரு இடைவெளி. கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள வந்தாறுமூலையின் மணல் நிலத்தில் கண்ட முடிவு, களப்பின் உவர்நீர் ஏறும் நம் வயலுக்கு அப்படியே பொருந்தாது. உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற நெல்லினத்தை இங்கேயே விதைத்து, இங்கேயே அறுத்து, நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே மாணவர்களே, இறுதியாண்டு ஆய்வை உங்கள் ஊர் வட்டையிலேயே செய்யக் கேளுங்கள். வட்டைவிதானையையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். பீடங்கள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.